பேடில் ஷிஃப்டர்: இடது கைக்குத்தான் வேலை

விலை கூடிய வேரியண்டின் வசதிப் பட்டியலில் சன்ரூஃபுக்குக் கீழே 'பேடில் ஷிஃப்டர்' என்று ஒரு வரி இருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருபுறமும் உள்ள, விரலால் இழுத்துக் கியர் மாற்றும் சின்னத் தகடுகள்தான் அவை. கார் கைக்கு வந்த முதல் வாரம் எல்லோரும் ஆசையாகத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் மாதம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும்போது நாம் எதற்கு மாற்ற வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டு பேடிலையும் ஒன்றாகப் பார்த்தால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காது. கியரைக் கூட்டும் வலது பக்கத்து பிளஸ் பெரும்பாலும் அலங்காரம். கியரைக் குறைக்கும் இடது பக்கத்து மைனஸோ, பழகிவிட்டால் பிரேக்கின் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் கருவி. காசு கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்த இடது பேடிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் எளிது. கியர்பெட்டியின் கணினிக்கு வேகம் தெரியும், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது (ஆர்பிஎம்) என்று தெரியும், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்று தெரியும், வண்டி மேடேறுகிறதா இறங்குகிறதா என்பதும் ஓரளவு தெரியும். அடுத்த நூறு மீட்டரில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. முன்னே போகும் லாரியை இன்னும் மூன்று விநாடியில் முந்தப் போகிறீர்கள் என்பதும் தெரியாது. வரைபடத்தைப் பார்த்து வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்கும் கார்கள் வந்துவிட்டன. அவற்றுக்கும் நீங்கள் லாரியை முந்தப் போவது தெரியாது. நடந்த பிறகு சரிசெய்வதில் ஆட்டோமேட்டிக் கெட்டிக்காரன். நடப்பதற்கு முன்பே தயாராவதற்குத்தான் பேடில்.

பேடில் காருக்குள் வந்த கதை வேறு. 1989இல் ஃபெராரியின் 640 ஃபார்முலா ஒன் காரில், வடிவமைப்பாளர் ஜான் பார்னார்ட் கியர் லீவரை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பேடில்களை வைத்தார். அந்தக் கார் தன் முதல் பந்தயத்தையே, பிரேசிலில், நைஜல் மேன்செல் கையில் வென்றது. 1997இல் அதே ஏற்பாடு எஃப்355 காரில் சாலைக்கு வந்தது. அந்த வண்டிகளில் உள்ளே இருந்தது கிட்டத்தட்ட மேனுவல் கியர்பெட்டிதான்; கிளட்ச் பெடல் மட்டும் இல்லை. பேடிலை இழுத்தால்தான் கியர். இன்றைய காரில் நிலைமை தலைகீழ். பேடிலை இழுத்தால் கணினிக்கு ஒரு விண்ணப்பம் போகிறது, அவ்வளவுதான். ஏற்பதும் மறுப்பதும் அதன் விருப்பம். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

டி-யில் இழுப்பதும் எம்-மில் இழுப்பதும் ஒன்றல்ல

லீவர் டி-யில், அதாவது வழக்கமான ஆட்டோமேட்டிக் நிலையில், இருக்கும்போது பேடிலைத் தட்டினால் தற்காலிக மேனுவல். சொன்ன கியருக்குப் போகும். நீங்கள் மறுபடி எதுவும் தட்டாமல் சீராக ஓட்டினால் சில விநாடிகளில் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உடனே திரும்ப வேண்டுமானால் பல கார்களில் வலது பேடிலை ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக இழுத்துப் பிடித்தால் போதும். 'பேடில் தொட்டேன், கார் மேனுவலிலேயே மாட்டிக்கொண்டது' என்று பதறுபவர்கள் இதைத் தெரியாதவர்கள்தான்.

எம்-முக்கு, அதாவது மேனுவல் நிலைக்கு, மாற்றிவிட்டுத் தட்டினால் கியர் நிலைத்து நிற்கும். ஆனால் இதிலும் இரண்டு வகை. சில கார்கள் ஆர்பிஎம் சிவப்புக் கோட்டை, அதாவது என்ஜினின் உச்ச எல்லையை, தொட்டதும் கேட்காமலேயே அடுத்த கியருக்கு ஏறிவிடும். சில கார்கள் ஏறாமல், எரிபொருளைத் துண்டித்து அங்கேயே தடுமாறும். முந்தும்போது பாதி வழியில் இந்தத் தடுமாற்றம் வந்தால் வயிறு கலங்கும். உங்கள் கார் எந்த வகை என்பதைக் காலியான சாலையில், இரண்டாம் கியரில், ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் இந்தச் சோதனை.

இன்னொன்று, ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்தால் அடியில் ஒரு சின்ன 'க்ளிக்' தட்டும். அது கிக்-டவுன் சுவிட்ச். எம்-மில் இருந்தாலும் அந்தக் க்ளிக்கைத் தாண்டினால் பல கார்கள் உங்கள் கியரை மதிக்காமல் தாங்களே கீழே இறங்கிவிடும். பிடித்த கியரிலேயே இழுக்க வேண்டுமென்றால் க்ளிக்குக்குச் சற்று முன்னால் காலை நிறுத்த வேண்டும்.

வேகம் அதிகமாக இருக்கும்போது மைனஸ் தட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தத்தோடு மறுக்கும். கீழ் கியரில் ஆர்பிஎம் எல்லை மீறும் என்று கணக்குப் போட்டுத்தான் மறுக்கிறது. அதனால் பேடிலால் என்ஜினை உடைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் மறுத்ததும் கோபத்தில் நாலு முறை தட்டாதீர்கள். சில பெட்டிகள் தட்டியதை நினைவில் வைத்துக்கொண்டு, வேகம் குறைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும். வளைவின் நடுவில் எதிர்பாராத இழுப்பு வரும். பிரேக்கால் வேகத்தைக் குறை, பிறகு ஒரே ஒரு தட்டு: அந்த வரிசையில் போனால் வம்பில்லை.

இறக்கம்

பேடிலுக்காகக் காசு கொடுக்கலாம் என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும். எனவே கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

1,500 கிலோ எடையுள்ள கார் 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அது இழக்கும் ஆற்றல் சுமார் 44 லட்சம் ஜூல். டிரம்மோ டிஸ்க்கோ, நான்கு சக்கரத்திலும் உள்ள இரும்பு மொத்தம் 25 கிலோ என்று வையுங்கள். அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்குக்கே போய், காற்றும் குளிர்விக்காமல் இருந்தால், இரும்பின் வெப்பம் 380 டிகிரி ஏறும். நிஜத்தில் காற்று எதிர்ப்பும் டயர் உருளும் எதிர்ப்பும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், ஓடும் காற்று டிஸ்க்கைக் குளிர்விக்கும். ஆனாலும் மலைச் சாலையில் 300 மீட்டர் என்பது ஒரு தொடக்கம்தான்; 1,500 மீட்டர் இறங்கும் சாலைகள் உண்டு. பிரேக் பேடு அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிப்பு குறைந்து, மிதித்தும் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் நிலைமை இன்னும் மோசம், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். புதிய டாட் 3 ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் உறிஞ்சிப் பழசான பிறகு அது 140, 155 என்ற அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

இப்போது என்ஜின் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். அதே கார் 8 சதவீதச் சரிவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால், வேகம் கூடாமல் பிடித்துவைக்கச் சுமார் 10 கிலோவாட் அளவுக்கு எங்காவது ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் நான்காம் கியரில், 1,500 ஆர்பிஎம்மில், தோராயமாக 3 கிலோவாட்தான் பிடிக்கும். மீதி 7 பிரேக்கின் தலையில். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கினால் 3,500 ஆர்பிஎம், என்ஜின் பிடிப்பு எட்டு ஒன்பது கிலோவாட்டுக்கு வந்துவிடும். பிரேக் அவ்வப்போது தொட்டால் போதும். இரண்டே தட்டில் வரும் வித்தியாசம் இது.

டி-யில் விட்டுவிட்டால் ஆட்டோமேட்டிக் இதைச் செய்யாதா? ஓரளவு செய்யும். பிரேக்கைத் தொடர்ந்து மிதிப்பதைப் பார்த்து ஒரு கியர் குறைக்கும் நிரல் பல கார்களில் இருக்கிறது. ஆனால் எரிபொருள் சிக்கனத்துக்காக எப்போதும் மேல் கியரை நாடுவதுதான் அதன் அடிப்படைக் குணம். நீங்கள் வளைவில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டதும் மறுபடி நான்குக்கோ ஐந்துக்கோ ஏறிவிடும். அடுத்த சரிவில் வண்டி நழுவும். எம்-மில் வைத்து மைனஸ் தட்டினால் அந்த ஏற்ற இறக்கம் இல்லை.

செய்முறை இப்படி. இறக்கம் தொடங்கும் முன்பே, சமதளத்தில், வேகத்தைக் குறைத்துக் கியரைத் தேர்ந்தெடுங்கள். வேகம் பிடித்த பிறகு கியரைத் தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. கணினி 'பீப்' என்று மறுத்துவிடும், உங்களுக்குப் பிரேக்கைத் தவிர வேறு வழி இருக்காது. எந்தக் கியர்? அந்தச் சாலையில் ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதுவே இறங்கவும். லாரி ஓட்டுநர்களின் பழைய கணக்கு, காருக்கும் பொருந்தும். பெட்ரோலில் 3,000 முதல் 4,000 ஆர்பிஎம், டீசலில் 2,500 முதல் 3,500 வரை ஓடினால் பிடிப்பு நன்றாக இருக்கும். சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம். சிவப்புக் கோடு இன்னும் தூரத்தில் இருக்கிறது. பிறகும் வேகம் ஏறினால் பிரேக்கை அழுத்தமாக, சுருக்கமாக மிதித்துப் பத்துக் கிலோமீட்டர் வேகம் குறைத்து விட்டுவிடுங்கள். காலை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைக் கொல்லும்.

'ஆர்பிஎம் அதிகம், பெட்ரோல் குடிக்குமே' என்று கேட்பார்கள். குடிக்காது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாமல் சக்கரம் என்ஜினைச் சுழற்றும்போது இன்றைய என்ஜின்கள் எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடும். ஐட்லிங்கை நெருங்கும்போதுதான் மறுபடி பீய்ச்சும். நியூட்ரலில் போட்டு இறங்குவதில்தான், என்ஜின் அணையாமல் இருக்க, எரிபொருள் செலவாகிறது. சிக்கனம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்கள் காசையும் இழந்து பிடிப்பையும் இழக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல், டீசல் கார்களில் என்ஜின் பிடித்து வேகம் குறையும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு நீங்கள் மெதுவாவது தெரியாது. இரண்டு கியர் இறக்கும்போது பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுவிடுவது நல்ல பழக்கம்.

எந்தப் பெட்டிக்கு எவ்வளவு

பேடில் எல்லாக் காரிலும் ஒரே மாதிரி இருக்கும். பின்னால் இருக்கும் பெட்டி வேறு வேறு. விளம்பரம் இதைச் சொல்லாது.

என்ஜினின் சுழற்சியைத் திரவம் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பெட்டியில், குறிப்பாக எட்டு கியர் உள்ளவற்றில், பேடில் நன்றாகவே வேலை செய்கிறது. கன்வெர்ட்டருக்குள் உள்ள லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொண்டால்தான் என்ஜின் பிடிப்பு சக்கரத்துக்கு முழுதாகப் போகும். பழைய நான்கு கியர் பெட்டிகளில் அது மேல் கியரில் மட்டும் பூட்டும். அதனால் இறக்கத்தில் வழுக்குவது போல இருந்தது. புதியவற்றில் கீழ் கியர்களிலேயே பூட்டிக்கொள்கிறது. எட்டு, பத்து கியர் பெட்டியில் ஒரு தட்டு என்பது சின்ன மாற்றம்தான் என்பதை மறக்காதீர்கள். எட்டிலிருந்து ஏழுக்கு வந்தால் ஒன்றும் உணர மாட்டீர்கள். 80 கி.மீ. வேகத்தில் உருப்படியான பிடிப்பு வேண்டுமானால் மூன்று நான்கு தட்டு தேவைப்படும்.

இரட்டைக் கிளட்ச் பெட்டி, அதாவது டி.சி.டி., பேடிலுக்கென்றே பிறந்தது. ஒற்றைப்படை கியர்கள் ஒரு தண்டில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். அடுத்த கியரை முன்கூட்டியே கோர்த்து வைத்திருக்கும். நான்காம் கியரில் நீங்கள் வேகமெடுக்கும்போது அது ஐந்தைக் கோர்த்து வைத்திருக்க, நீங்கள் திடீரென்று மைனஸ் தட்டினால் ஐந்தைக் கழற்றி மூன்றைக் கோர்க்க வேண்டும். அந்தக் கணத்தில் ஒரு தாமதம் தெரியும். அதேபோல் ஆறிலிருந்து நான்குக்கு நேராகப் போக முடியாது, இரண்டும் ஒரே தண்டு. ஆறிலிருந்து மூன்றுக்கு எளிதாகப் போகும். 'சில சமயம் மின்னல் வேகம், சில சமயம் யோசிக்கிறது' என்ற புகாரின் பின்னணி இதுதான். பழுதென்று சர்வீஸுக்கு ஓட வேண்டாம்.

கிளட்ச் எண்ணெயில் மூழ்காத டிரை கிளட்ச் டி.சி.டி. நெரிசலில் சூடாகிவிடும் என்பது தெரிந்ததே. பேடிலால் அதைத் தீர்க்க முடியாது, குறைக்கலாம். ஊர்ந்து நகரும்போது ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறி அல்லாடுவதை எம்-மில் முதல் கியரில் பிடித்து நிறுத்தலாம். அதைவிட, முன்னால் ஒரு காரளவு இடம் விட்டு, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேகத்துக்கு ஒரேயடியாக நகர்ந்து நிற்பதுதான் மருந்து.

ஏ.எம்.டி. என்பது மேனுவல் பெட்டியில் கிளட்ச்சையும் கியரையும் மோட்டார் இயக்குவது. ஒற்றைக் கிளட்ச், ஆகவே கியர் மாறும்போது இழுவை அறுபடும், தலை முன்னே ஆடும். இங்கே பேடிலின் நன்மை வேகமல்ல, எப்போது மாறும் என்று நமக்கு முன்பே தெரிவது. பிளஸ் தட்டும் அதே நொடியில் ஆக்ஸிலரேட்டரைப் பாதி விட்டு, கியர் விழுந்ததும் மிதித்தால் ஆட்டம் பெருமளவு குறைந்துவிடும். வலது பேடிலுக்கு உண்மையான வேலை உள்ள ஒரே பெட்டி இதுதான் என்பேன்.

சி.வி.டி.-யில் கியரே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். பேடில் தட்டும்போது கப்பிகளைக் குறிப்பிட்ட சில விகிதங்களில் நிறுத்தி ஆறோ ஏழோ கியர் இருப்பது போல நடிக்கிறது. வேகமெடுக்க இந்த நடிப்பு உதவாது; தானாக ஓடவிட்டால்தான் அது என்ஜினைச் சிறந்த ஆர்பிஎம்மில் வைத்திருக்கும். ஆனால் இறக்கத்தில் மைனஸ் நேர்மையாக வேலை செய்யும். சி.வி.டி. வாங்குபவர் மலைப்பக்கம் போகிறவரென்றால் பேடில் வேண்டும். லீவரில் எல் (லோ) அல்லது எஸ் (ஸ்போர்ட்) நிலை இருந்தால் அதுவே போதும். பேடிலுக்காக மேல் வேரியண்டுக்குத் தாவ வேண்டியதில்லை.

முந்தும்போது

ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தவுடன் வண்டி பாயாததற்கு மூன்று தாமதங்கள் உண்டு: கணினி முடிவெடுக்க, பெட்டி இரண்டு மூன்று கியர் இறங்க, டர்போ அழுத்தம் சேர. எல்லாம் கூடி ஒரு விநாடிக்கு மேலேயே போய்விடும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி என்பது 22 மீட்டர். எதிரே அதே வேகத்தில் வண்டி வந்தால் இடைவெளி 44 மீட்டர் சுருங்கியிருக்கும்.

முந்த இடம் தெளிவாகப் போகிறது என்று தெரிந்ததும், இன்னும் பின்னாலேயே இருக்கும்போது, இடது பேடிலை இரண்டு முறை தட்டுங்கள். ஆர்பிஎம் 1,700-லிருந்து 3,000-க்குப் போகட்டும். சிறிய டர்போ பெட்ரோல் என்ஜினுக்கு அந்த இடம்தான் தயார் நிலை. வண்டியை வெளியே எடுத்து மிதித்தால் மிதித்த நொடியே இழுக்கும். இடம் கிடைக்கவில்லையா, அப்படியே விட்டுவிடுங்கள், டி-யில் இருந்தால் தானே மேலே போய்விடும். அளவும் முக்கியம். நாலு தட்டுத் தட்டி 5,000-க்குக் கொண்டுபோய்விட்டால், முந்தும் நடுவிலேயே கியர் மாற வேண்டி வரும். முறுக்குவிசை ஏராளமாக உள்ள பெரிய டீசலில் இந்த ஏற்பாடே பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு தட்டு போதும்.

ஏற்றத்திலும் இதே இடது கைதான். நீண்ட ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே ஊசலாடும்: ஐந்தில் மூச்சு வாங்கும், நான்குக்கு வரும், தெம்பு வந்ததும் ஐந்துக்கு ஏறும், மறுபடி மூச்சு வாங்கும். ஆள் நிறைய, சாமான் நிறைய இருந்தால் கூடுதலாக. ஒவ்வொரு மாற்றமும் உள்ளே கிளட்ச் தகடுகளுக்கு ஒரு சூடு. எம்-மில் நான்கைப் பிடித்து வைத்துவிட்டால் பெட்டிக்கும் நல்லது, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வயிற்றுக்கும் நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் கியரை வளைவுக்கு முன்பே இறக்கிவிடுங்கள். பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுழலும் கார்களில், அரை வட்டம் திருப்பிய நிலையில் மைனஸ் வலது பக்கம் போயிருக்கும், தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. சில கார்களில் பேடில் ஸ்டீயரிங் தண்டில் பொருத்தப்பட்டு அசையாமல் நிற்கும். எது மேல் என்று சண்டை போடுபவர்கள் உண்டு. வளைவில் கியர் மாற்றாதவருக்கு இரண்டும் ஒன்றே.

வழுக்கும் சாலையில் மட்டும் இடது கைக்கு அடக்கம் வேண்டும். மழை, மணல், பனி. இழுவைச் சக்கரங்களில் மட்டும் திடீரென்று என்ஜின் பிடிப்பு விழுந்தால் அவை வழுக்கலாம்; பின் சக்கர இழுவை கார்களில் வால் விலகும். வழுக்கலைக் கண்டு திருத்தும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள பல கார்கள் இதை உணர்ந்து என்ஜினுக்குக் கொஞ்சம் எரிபொருள் கொடுத்துச் சரிசெய்யும். இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு கியர், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது. சேற்றில் கிளம்ப வலது பேடிலும் உதவலாம்: நிற்கும்போதே பிளஸ் தட்டினால் சில கார்கள் இரண்டாம் கியரில் கிளம்பும், சக்கரம் சும்மா சுழல்வது குறையும்.

மின்சாரக் காரில் பேடிலுக்கு மறுபிறவி

மாற்றக் கியரே இல்லாத வண்டியில் பேடில் எதற்கு என்று தோன்றும். உண்மையில் இங்கேதான் அது தினமும் பயன்படுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டார் எவ்வளவு பலமாகப் பிடித்து மின்கலத்துக்கு மின்சாரம் திருப்பும் என்பதை ஹூண்டாய், கியா மின்சாரக் கார்களில் பேடிலால் கூட்டிக் குறைக்கலாம். மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிடில் பி0 முதல் பி5 வரை ஆறு நிலைகள். ஹோண்டாவின் ஹைபிரிட் கார்களிலும் பேடில் இந்த வேலைக்குத்தான். நெடுஞ்சாலையில் குறைந்த நிலை வைத்து மிதக்கவிடுங்கள், ஊருக்குள் நடு நிலை, இறக்கத்தில் அதிகம். உயர்ந்த நிலையிலேயே எப்போதும் வைத்து, காலைப் படக்கென்று எடுத்து எடுத்து ஓட்டினால் பயணிகளுக்குக் குமட்டும். ஹூண்டாயின் அயோனிக் 5 என் காரில் எட்டு கியர் இருப்பதுபோல உதறலும் ஓசையும் சேர்த்து நடிக்கும் வசதி இருக்கிறது. விளையாட்டுக்கு நன்று.

தெரிந்துவைக்க வேண்டிய சிக்கல், நிறைந்த பேட்டரி. மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், திருப்பிய மின்சாரத்தை வைக்க இடமில்லை. பேடிலை எவ்வளவு இழுத்தாலும் மோட்டார் பிடிப்பு குறைவாகத்தான் கிடைக்கும். மின்கலம் மிகவும் குளிர்ந்திருந்தாலும் இதே கதை. மேலே தங்கினால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள். ஹைபிரிடின் மின்கலம் சிறியது, நீண்ட இறக்கத்தில் நடுவழியிலேயே நிறைந்துவிடும். அப்போது லீவரை பி (B, பார்க்கிங்குக்கான P அல்ல) நிலையில் போட்டால் டொயோட்டா வகை ஹைபிரிட்கள் என்ஜினைச் சும்மா சுழற்றி ஆற்றலைக் கரைக்கும்; திடீரென்று வரும் அந்த இரைச்சல் பழுதல்ல. மின்சாரக் கார்களில் மோட்டார் பிடிப்பு பலமானால் பிரேக் விளக்கும் எரியும். ஐ.நா. வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில், வேகக் குறைப்பு விநாடிக்கு விநாடி 1.3 மீட்டரைத் தாண்டினால் கட்டாயம் எரிய வேண்டும்.

வாங்கும்போதும், பழசாகும்போதும்

சோதனை ஓட்டத்தில் விற்பவர் பிளஸ் தட்டி வேகம் காட்டுவார். நீங்கள் மைனஸைச் சோதியுங்கள். 60 கி.மீ. வேகத்தில் டி-யில், காலை எடுத்துவிட்டு இரண்டு தட்டு. எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, உடம்பில் பிடிப்பு தெரிகிறதா, எத்தனை விநாடி அந்தக் கியரை வைத்திருக்கிறது? எம்-மில் அதையே ஒரு சரிவில் செய்து பாருங்கள். கைகளை ஒன்பது மணி, மூன்று மணி நிலையில் வைத்துக்கொண்டு விரல் நுனி எட்டுகிறதா என்றும் பாருங்கள். சிறிய கைக்காரர்களுக்குச் சில கார்களில் எட்டாது. கையைத் தளர்த்தி எட்ட வேண்டிய பேடிலை இறக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள். லீவரிலேயே பிளஸ் மைனஸ் இருந்தால் எந்தத் திசை எது என்று பாருங்கள், சில கார்களில் முன்னே தள்ளினால் கியர் கூடும், சிலவற்றில் குறையும். வீட்டில் இரண்டு கார் இருந்து இரண்டும் எதிரெதிராக இருந்தால் குழப்பம்தான். பேடிலில் அந்தக் குழப்பம் இல்லை. இடது என்றால் இன்று கிட்டத்தட்ட எல்லாக் காரிலும் மைனஸ்.

பழைய கார் வாங்கும்போது ஒவ்வொரு பேடிலையும் இருபது முறையாவது தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு தட்டு தவறினால் உள்ளே உள்ள மைக்ரோ சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. பேடிலோடு ஹார்ன், க்ரூஸ் பொத்தான்களும் சேர்ந்து அடம்பிடித்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால் பேடில் மேல் குற்றமில்லை. ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் க்ளாக் ஸ்பிரிங் என்ற நாடா அறுந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது, ஓட்டுநர் ஏர்பேக்குக்கு மின்சாரம் போவதும் அந்த நாடா வழியாகத்தான்.

பேடில் இல்லாத வேரியண்டில் பிறகு பொருத்தலாமா? பேடில் உள்ள ஸ்டீயரிங், அதன் உள்வயரிங், சில கார்களில் ஸ்டீயரிங் கட்டுப்பாட்டுப் பெட்டி, கடைசியில் மென்பொருளில் 'பேடில் உண்டு' என்று பதிவு, இத்தனையும் பொருந்த வேண்டும். அதே மாடலில் பேடிலோடு வரும் வேரியண்ட் இருந்தால் சாத்தியம்; இல்லையென்றால் பணத்தைச் சேமியுங்கள். ஏர்பேக்கைக் கழற்றும் வேலை என்பதால் பேட்டரியைத் துண்டித்து, சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். வாரண்டி உள்ள காரில் கை வைக்காதீர்கள். இருக்கும் பேடிலுக்கு மேல் இரட்டைப் பசை நாடாவால் ஒட்டும் நீட்டிப்புத் தகடுகள் மலிவாகக் கிடைக்கும். வெயிலில் பசை இளகி, ஒருநாள் இண்டிகேட்டர் தண்டில் இடிக்கும், இன்னொரு நாள் வளைவில் கையோடு வந்துவிடும். எட்டவில்லை என்றால் இருக்கையை ஒரு பல் முன்னே தள்ளிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே எட்டிவிடும்.